என் மனைவி ஒரு அங்குலம் குறைந்த கதை

என் மனைவியின் எலும்புகள் கரைந்து வெளியே போய்க்கொண்டிருக்கின்றன என்று மூன்று வாரத்துக்கு மேல் நம்பினேன். சும்மா நம்பவில்லை, அளந்து பார்த்து நம்பினேன். தையல் தொழில் எனக்கு. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சோறு தின்கிறவன். எவனாவது வாய்க்கு வந்ததைப் பேசினால் "அளந்து பாத்துட்டுப் பேசுங்கண்ணே" என்று மடக்குகிறவன். அப்படிப்பட்ட ஆள் அளந்தே ஏமாந்தான் என்பதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தலை நரைத்துவிட்டது, சொல்லலாம்.

எழுபதுகளின் கடைசி. சமயநல்லூர் சாலையோரம் என் கடை. ஒரு தையல் மிஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை, கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, இவ்வளவுதான். பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பதுதான் பெரும்பாலும். வீடு அங்கிருந்து மேற்கே இரண்டு மைல், வாய்க்கால் பாசன வயல்களுக்கு நடுவில். வீட்டில் நான், அம்மா, கல்யாணமாகி இரண்டு வருடமான மனைவி. மூன்று பேர்தான். அதில் இரண்டு பேருக்கு ஒரு விஷயம் தெரியும், எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் நடை மாறியிருந்தது. நாற்று நட்டுவிட்டு வந்தால் உட்காரமாட்டாள், நின்றுகொண்டே இருப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றபடியே வருவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, சூடு" என்பாள். சூடு என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. மோர் குடி, இளநீர் குடி, தலைக்கு எண்ணெய் தேய், போ.

ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது அம்மா என்னைச் சைக்கிளோடு நிறுத்தினாள்.

"டேய், உம் பொண்டாட்டிக்கு வெள்ளப்படுது. எலும்பு உருகி எறங்குது. நீ பாட்டுக்கு ஊருக்கெல்லாம் ஜாக்கெட்டு தச்சுக்கிட்டுத் திரியிற."

"என்னம்மா சொல்ற?"

"அவ ஆத்தா வீட்டுல கெடந்து உடம்பத் தேத்திட்டு வரட்டும். ஐப்பசி பொறந்ததும் அவ அண்ணனுக்கு ஆள் விடப் போறேன்."

உடம்பைத் தேற்றுவது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் அப்படித் தேற்றிக்கொள்ளப் போன பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி இன்னும் தேறிக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தி தேறுவதற்குள் அவள் புருஷனுக்கு வேறு கல்யாணம் நடந்துவிட்டது. அதில் விருந்து சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அம்மா கெட்டவளில்லை. பிள்ளையில்லாத இரண்டு வருடத்தை விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அது ஆடி மாதம். ஐப்பசிக்கு மூன்று மாதம் இருந்தது.

கடைக்குப் போனேன். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த என் நண்பனிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எனக்கென்று சொல்லவில்லை, "ஒருத்தருக்கு" என்றேன். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே அவன் பேசினான்.

"மாப்ள, அது எலும்புக்குள்ள இருக்க கொழுப்பு. அது உருகித்தான் வெள்ளையா எறங்குது. எங்க சின்னம்மாவுக்கு இருந்துச்சு. கடைசில ஆளு குட்டையாப் போயிட்டாக."

"எம்புட்டு குட்டையா?"

அவன் ஈரக் கையை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் காட்டினான். "இம்புட்டு."

"உங்க சின்னம்மா மொதல்ல இருந்தே குட்டதானடா?"

"அதான் மாப்ள சொல்றேன். கவனிக்காம விட்டுட்டோம்."

இதைக் கேட்டுச் சிரிக்கத் தெரிந்தவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சிரிக்கவில்லை. பஸ் நிறுத்தத்துச் சுவரில் வேறு ஒரு லாட்ஜ் வைத்தியர் தன் விளம்பரத்தை ஒட்டியிருந்தார். மாதம் ஒருமுறை மதுரைக்கு வந்து அறை எடுத்துத் தங்குகிறவர். 'எலும்பை உருக்கும் வெள்ளை' என்று கொட்டை எழுத்து. அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நினைக்கிற அளவுக்குத்தான் நான் படித்திருந்தேன்.

அன்று மத்தியானம் அவள் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தாள். "அந்தச் செவத்துல முதுகு சாஞ்சு நில்லு, ஒனக்குப் பாவாட தைக்கணும்" என்றேன்.

"பாவாடைக்கு உச்சந்தலையில இருந்தா அளப்பாக?"

"இது புது மாடல். நில்லு புள்ள."

கழுத்து நாடாவை உருவிக் குதிகாலிலிருந்து உச்சி வரை பிடித்தேன். அறுபத்தொன்று. வாடிக்கைக்காரர்களின் அளவு எழுதும் நோட்டில் 'வீடு – உயரம் 61' என்று குறித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எலும்பு சேர்க்கும் வேலை தொடங்கியது. காலையில் ஆட்டுக்கால் சூப். மத்தியானம் பிரண்டைத் துவையல், ஒடிந்த எலும்பே அதில் கூடும் என்பார்கள். சாயந்திரம் எள்ளுருண்டை. நானே பிரண்டை ஒடித்து வந்து, நானே நறுக்கி, சரியாக வதக்கத் தெரியாமல் அரைத்தும் கொடுத்தேன். நாக்கு, தொண்டை எல்லாம் நமைச்சல் எடுத்துவிட்டது அவளுக்கு. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ஏங்க, அரிப்பு ஒரு எடத்துல இருந்தது பத்தாதுன்னு நாக்குலயும் கொண்டு வந்துட்டீகளா?"

அரிப்பு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறை கேட்டேன். இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவன். சொன்னதும் அவளுக்கே வெட்கம் வந்து எழுந்துபோய்விட்டாள். எனக்கும் அதைப் பற்றி மேலே கேட்கத் தோன்றவில்லை. என் மனமெல்லாம் எலும்பில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இந்த முறை தப்பே வரக்கூடாது என்று மதுரைக்கே போய் ஒரு புதிய நாடா வாங்கினேன். பித்தளை முனை பளபளத்தது. வீட்டுக்குள் வந்து அவளைக் கதவு நிலையோடு நிறுத்தினேன்.

அறுபது.

மறுபடி பிடித்தேன். அறுபது. கொண்டையை அழுத்தி, குதிகாலைத் தொட்டுப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை. அறுபது.

"என்னங்க, மொகம் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல" என்றேன். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வாரத்துக்கு ஓர் அங்குலம். அறுபது அங்குலத்துக்கு நூற்றெண்பது வாரம். மூன்றரை வருடத்தில் ஆளே இருக்கமாட்டாள், பாவாடை மட்டும் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு கட்டத்தில் குடம் உயரத்துக்கு வருவாளே, அப்போது அந்த உடம்புக்கு ஜாக்கெட் எப்படி வெட்டுவது என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். யோசித்துக்கொண்டே அழுதுவிட்டேன். தைத்த துணியை வாங்க வந்த ஓர் அம்மா நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என் ஜாக்கெட்டக் கெடுத்துட்டியா?" என்று பதறினாள்.

அன்று சாயந்திரம் சைக்கிளை வாய்க்கால் கரையில் நிறுத்தி, நடவு முடித்து வந்துகொண்டிருந்தவளை மறித்துச் சொல்லிவிட்டேன்.

"ஒன் எலும்பு கரையுது. ஒரு அங்குலம் போயிருச்சு. நான் அளந்தேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்கும் தைரியம் வந்திருக்கும். அவள் கரையில் உட்கார்ந்துவிட்டாள், உட்காரவே முடியாதவள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அத்த சொன்னாக. அதான் ஒங்ககிட்டச் சொல்லல. சொன்னா அனுப்பிருவீக."

"நான் எதுக்கு அனுப்பப் போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. பஸ் ஏறுற வரைக்கும்."

எனக்கு அந்தக் கல்யாண விருந்து நினைவுக்கு வந்தது. அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். எட்டு மாதமாக இருக்கிறதாம். தயிர் திரிந்ததுபோல் வருகிறதாம். ஒன்றுக்குப் போனால் எரிகிறதாம். துணி துவைக்கிற பார் சோப்பையும் படிகாரத் தண்ணீரையும் போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை உள்ளே வரை கழுவிக் கழுவிப் புண்ணாகிவிட்டதாம். அந்தப் புண்ணோடு நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஈரப் பாவாடையோடு நின்று நாற்று நட்டிருக்கிறாள். இதையெல்லாம் வயலைப் பார்த்தபடி, யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

"நடவுக்கு வர்ற அக்கா ஒண்ணு சொல்லுச்சு. மதுரையில ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்காம். பொம்பள டாக்டராம். அதட்ட மாட்டாகளாம்."

"எப்பச் சொல்லுச்சு?"

"தையில."

"அப்புறம் ஏன் போகல?"

"யாரு கூட போறது?"

கேள்வி என்று பார்த்தால் சின்னதுதான். ஏழு மாதம் அந்தச் சின்னக் கேள்வியில் நின்றிருந்தது.

மறுநாளே போனோம். கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய். பஸ்ஸில் அவள் நின்றாள், நானும் சேர்ந்து நின்றேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் முழுக்கப் பெண்கள், நடுவில் ஓர் ஆண் நான். ஜாக்கெட் அளவெடுக்கிறபோது பெண்களைப் பார்த்துக் கூசாதவன், அன்றைக்குத் தரையில் இருந்த சிவப்பு ஓடுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் ஆனது. பிறகு நர்ஸ் வந்து என்னையும் கூப்பிட்டாள். டாக்டருக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். வெள்ளைச் சேலை, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி, என்ன நோய்னு?"

இதற்காகவே காத்திருந்தவன்போல நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தேன். "எலும்பு, டாக்டரம்மா. மூணு வாரத்துல ஒரு அங்குலம்."

அவர் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய நாடாவைப் பார்த்தார்.

"இந்த நாடாவுல அளந்தீங்களா?"

"மொதத் தடவ இதுல. ரெண்டாந்தடவ புது நாடாவுல." அதையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டையும் வாங்கி, மேஜைமேல் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நீட்டிவைத்தார். பழைய நாடாவின் முனை பிய்ந்துபோய் முதல் அங்குலமே இல்லை. அது போய் நாலு வருடம் ஆகியிருந்தது. நாடாவைத் தூக்கிப்போட மனசில்லாமல், அளந்ததில் ஒன்றைக் கழித்துக் கழித்தே தைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடமாக ஊரில் உள்ள அத்தனை மார்பும் இடுப்பும் ஒன்றைக் கழித்துத்தான் சரியாக வந்தன. கை தானாகக் கழிக்கும், நான் நினைக்கவே வேண்டாம். என் மனைவியை அளந்த அன்று மட்டும் கை கழிக்க மறந்துவிட்டது.

"உங்க ஒரு அங்குலம் இங்கே போயிருக்கு தம்பி" என்று பிய்ந்த முனையைத் தொட்டுக் காட்டினார் டாக்டரம்மா.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு அறையைவிட்டு வெளியே ஓடினாள். என் மனைவி எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அதே மூச்சில் அழுதாள். டாக்டரம்மா இரண்டுக்கும் காத்திருந்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கேளும்மா. எல்லாப் பெண்ணுக்கும் கொஞ்சம் வெள்ளை வரும். கண்ணுல ஈரம் இருக்கில்ல, வாயில எச்சில் இருக்கில்ல, அது மாதிரி. அது நோயே இல்லை. எலும்புக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனா அரிச்சு, எரிஞ்சு, தயிர் திரிஞ்ச மாதிரி வந்தா அது நோய். உனக்கு இருக்கறது காளான்."

"காளானா? மழைக்கு மொளைக்குமே, அதா?" என்றேன், என்னை யாரும் கேட்காமலே.

"ஊசிப்போன இட்லியில பூக்குமே, அந்த ஜாதி. ஈரமும் சூடும் இருந்தா வளரும்." அவளிடம் திரும்பினார். "மாசத் துணியை எங்கே காயப் போடுறே?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவர் வெளியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் டாக்டரம்மா" என்றாள். "இம்புட்டு தூரம் அளந்தாச்சு."

பிறகு சொன்னாள். பின்கட்டில், விறகு அடுக்குக்கும் சுவருக்கும் இடையில். மேலே சாக்கு போட்டு மூடி. ஆம்பளை கண்ணில் படக்கூடாது. பாம்பு தாண்டிவிட்டால் பிள்ளை தங்காது என்று வேறு பயம். காயுமா என்றால் காயாது. ஈரத்தோடேயே எடுத்து மறுபடி கட்டிக்கொள்வது. என் அம்மாவும் அப்படித்தான் செய்தாளாம், அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அம்மாதானாம்.

நான் துணிக்காரன். ஈரத்தோடு மடித்த துணி என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கரும்புள்ளி விழும், நாற்றம் அடிக்கும். ஒரு வாடிக்கைக்காரியின் துணி அப்படி ஆகிவிடக்கூடாது என்று மேஜையிலிருந்த ஈரத்தைக்கூடத் துடைத்துவிட்டு விரிக்கிறவன். என் வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்க்கக்கூடாது என்பதை நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு அரிப்பு இருக்கா தம்பி?"

"இல்லம்மா" என்றேன் உடனே.

"இருக்கு" என்றாள் அவள், அதைவிட உடனே.

மருந்து இருவருக்கும் என்று முடிவானது. அவளுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை பதினாலு நாள். அதோடு வெளியே தடவ ஊதா மருந்து, கத்தரிப்பூ நிறத்தில். அதே ஊதா எனக்கும். மருந்து முடியும்வரை தனித்தனிப் பாய். "உள்ளே சோப்பும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். வெளியே நல்ல தண்ணி போதும். வயலிலிருந்து வந்ததும் ஈரப் பாவாடையை மாத்து. துணியை சோப்பு போட்டு அலசி வெயில்ல காயப் போடு, நல்ல வெயில்ல" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. வாசல்வரை போனபிறகு கூப்பிட்டு, "இந்த நோய் மறுபடியும் வரலாம். வந்தா பயப்படாதே, எலும்பு இல்லை. பஸ் ஏறி நீயே வா" என்றார்.

ஊதா மருந்து லேசில் போகிற சாமான் இல்லை. மூன்றாம் நாள் கடையில் எழுந்து நின்றபோது சைக்கிள் கடைக்காரன் என் வேட்டியைப் பார்த்துவிட்டான்.

"மாப்ள, என்னடா வேட்டியில கத்தரிக்கா காச்சிருக்கு?"

"துணியில மார்க் பண்ற மை."

"அங்கிட்டு எதுக்குடா மார்க் பண்ணுற?"

நான் மறுபடி மிஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

மருந்து சுலபம். வெயில்தான் கஷ்டம். எங்கள் ஊரில் இல்லாத வெயிலா, ஆனால் அந்த வெயிலில் அந்தத் துணியை எப்படிப் போடுவது? முற்றத்துக் கொடிக்கு எதிரே தெரு. குறுக்கே அம்மா. நான் கொல்லையில் தட்டி கட்டலாமா, வயலில் கொண்டுபோய்ப் போடலாமா என்று கண்டதையும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்தபிறகு சுருங்கி ஜாக்கெட்டையும் இழுத்துவிடும். நான் அதை வீட்டில்தான் நனைப்பேன். அதனால் எங்கள் முற்றத்துக் கொடியில் வருடம் முழுக்க வெள்ளைத் துண்டுகள் ஆடிக்கொண்டிருக்கும். தெருவுக்கே அது பழக்கம்.

"லைனிங்கு வெள்ளதான?" என்றாள் ஒரு நாள், கொடியைப் பார்த்தபடி. "என் துணியும் வெள்ளையா இருந்தா எவளுக்குத் தெரியும்?"

நான் மல் துணி வாங்கி, மடித்து, ஓரம் அடித்து, பன்னிரண்டு துண்டு தைத்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக ஓரம் அடித்ததில்லை. இரண்டு லைனிங், ஒரு மாசத் துணி, இரண்டு லைனிங், ஒரு மாசத் துணி என்று பட்டப்பகலில் அவள் தொங்கவிட்டாள். தெருவில் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை அம்மாவே காய்ந்ததையெல்லாம் எடுத்து மடித்து, மத்தியானச் சோற்றோடு கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். கத்தரிக்கோலை வைக்கப் போனபோதுதான் ஓரம் அடித்திருந்ததைப் பார்த்தேன். ஒரு டீச்சரம்மாவின் ஜாக்கெட் அன்றைக்குத் தப்பித்தது.

பதினாலு நாளில் அரிப்பு நின்றது. புரட்டாசியில் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள். ஜன்னலோரம்.

பிறகு ஐப்பசி பிறந்தது. மழையும் வந்தது, என் மனைவியின் அண்ணனுக்கு ஆள் விடுகிற நினைப்பும் அம்மாவுக்கு வந்தது. "நல்லாத்தான இருக்கா?" என்றேன். "எலும்பு வெளிய தெரியுமாடா?" என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆள் போகும் என்று நாளும் குறித்துவிட்டாள்.

அந்த வாரம் வெயில் கண்ணில் படவேயில்லை. கொடி நனைந்தபடி கிடந்தது. அதே நேரம் பார்த்து அவளுக்கு மாதமும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அடுப்படியில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "லேசா அரிக்குது" என்றாள். முகம் வாய்க்கால் கரையில் பார்த்த முகமாக இருந்தது. "துணி காய மாட்டேங்குது. அத்தைக்கு இப்பத் தெரிஞ்சா அம்புட்டுதான்."

நான் வழக்கம்போலப் பதற ஆரம்பித்தேன். அவள் பதறவில்லை. "அந்த இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

சாக்கால் மூடிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். அவள் துவைத்துப் பிழிந்து கொடுக்கக் கொடுக்க, கூடத்தில் போர்வையை விரித்து நான் தேய்த்தேன். ஆவி குப்பென்று எழும்பும், துணி மொடமொடவென்று ஆகும். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான் என்பதால் ரசித்துச் செய்துகொண்டிருந்தேன். ஐந்தாவது துண்டைத் தேய்க்கும்போது நிமிர்ந்து பார்த்தால், நிலைப்படியில் அம்மா.

ஆண்பிள்ளை கண்ணில் படக்கூடாத துணி ஆண்பிள்ளை கையில் இருந்தது. எவ்வளவு வெளுத்தாலும் அந்தக் கறை என்ன கறை என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா? அம்மா துணியைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள்.

"அது லைனிங் இல்லயா?"

"இல்லம்மா."

"நான் மடிச்சனே, அதெல்லாம்?"

"அதுவும்தாம்மா."

இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து எடுக்க மறந்து, ஒரு மூலை கருகியது. அந்த வாசனையில் எனக்கு வாய் திறந்துகொண்டது. ஆஸ்பத்திரி, காளான், இட்லி, விறகு அடுக்கு, நாடா, ஊதா மருந்து, கோயில் என்று சொன்ன பொய் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "எலும்பே இல்லம்மா அது, எலும்பே இல்ல. அங்குலம் நாடாவுலதான் போச்சு" என்று அங்கேயே நின்று சத்தியம் செய்தேன்.

அம்மா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மனைவி ஈரக் கையோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"எனக்கும் இருந்துச்சு" என்றாள் அம்மா, என்னிடமில்லை, அவளிடம். "இவன் பொறந்தப்புறம். எட்டு வருசம். எலும்புன்னுதான் சொன்னாக. நானும் செத்துருவேன்னுதான் இருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலயா அத்த?"

"யார்கிட்டச் சொல்ல? அதே வெறகுக்குப் பின்னாலதான் போட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னடா பாத்துக்கிட்டே நிக்கிற? கரி போதுமா?"

போதவில்லை. அம்மா எழுந்துபோய் அடுப்பிலிருந்து தணலை வாரிக்கொண்டு வந்து பெட்டியில் போட்டாள். மீதி ஏழு துண்டையும் தேய்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் போகவில்லை.

மறுவாரம் என் மனைவி தனியாகவே பஸ் ஏறிப் போய் டாக்டரம்மாவைப் பார்த்து மருந்து வாங்கிவந்தாள். கூட வரட்டுமா என்றதற்கு, "நீங்க வந்தா நர்சம்மா சிரிக்கும், வேல ஓடாது" என்றாள். அம்மா விறகு அடுக்கைப் பிரித்து வேறு இடத்தில் அடுக்கினாள். வாய்க்காலில் துவைக்கப் போகிற இடத்தில் யாரிடம் என்ன பேசினாளோ, தை மாதத்தில் எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டுக் கொடியில் வெள்ளை லைனிங் காய்ந்தது. அவர்களில் ஒருத்தியும் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவளில்லை. அம்மா சொல்லி என் மனைவி இரண்டு பேரை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதில் ஒருத்தி, இன்னும் தேறிக்கொண்டே இருந்தாள் என்றேனே, அவள்.

நடந்தது இவ்வளவுதான். காயாத துணியாலும் கண்டபடி கழுவியதாலும் ஒரு காளான் பிடித்தது. மருந்தில் போனது, மழையில் எட்டிப் பார்த்தது, மறுபடி மருந்தில் போனது. என் மனைவி பிறந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய் நாலாம் நாள் திரும்பி வந்தாள். அவள் உயரம் அறுபது அங்குலம்.